தங்கை மகளின் எடையும் திருவண்ணாமலை வெயிலும்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் என் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்த காவலர், உள்ளே படுத்திருந்த ஊசிகளைக் கண்டு புருவத்தை உயர்த்தினார். "சர்க்கரையா?" என்று மலாயில் கேட்டார். "இல்லை, அதைவிடக் கொஞ்சம் விசேஷமானது" என்றேன். சிரித்துக்கொண்டே மூடிக் கொடுத்தார்.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். உடம்பைக் காக்க வேண்டிய படையே ஆள் தெரியாமல் நரம்புகளின் மேலுறையைக் கடித்து வைக்கும் நோய். உறை பிய்ந்த மின்கம்பி மாதிரி, மூளை ஒன்று சொன்னால் கால் ஒன்று கேட்கும். எனக்கு முதலில் கண்ணில் வந்தது. ஒரு காலையில் வகுப்பறையில் சிவப்பு மையில் திருத்திக்கொண்டிருந்தபோது, வலது கண்ணுக்கு அந்தச் சிவப்பு வெளுத்துப்போய்த் தெரிந்தது. அதன்பிறகு ஸ்கேன், ஊசி, ஓய்வு, மறுபடி ஊசி. இப்போது ஈப்போவில் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். காரும் நானே ஓட்டுகிறேன். நீண்ட தூரம் நடந்தால் மட்டும் கைத்தடி.

திருவண்ணாமலைக்குப் புறப்பட்டது சாமி கும்பிட அல்ல. என் தங்கை வாணி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஈப்போ தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்கு வந்த பழனிவேலைக் காதலித்து, அவர் ஊர் திரும்பியபோது கூடவே போய்விட்டவள். அவர்களுக்கு ஒரே மகள் யாழினி, ஏழாம் வகுப்பு. பள்ளிப் பிரார்த்தனையில் யாழினி மயங்கி விழுந்துவிட்டாள் என்று வீடியோ அழைப்பில் வாணி சொன்னாள். "வெயில்தான்க்கா, வேற ஒண்ணுமில்ல." அவள் தோளுக்குப் பின்னால் நின்ற யாழினி, வாயருகே கையைக் கொண்டுபோய்ச் சாப்பிடுவதுபோல் காட்டி, இல்லை என்று தலையாட்டினாள். ஈப்போவில் என் பள்ளிக்கு விடுமுறை தொடங்கிய மறுநாளே கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து வரும் வழியில் ஒரு சிறிய உணவகத்தில் காலைச் சாப்பாடு. பொங்கல் கேட்டால் மூன்று வகைச் சட்னியும் சாம்பாரும் கேட்காமலே வந்தன. எங்கள் ஊரில் ரொட்டி சானாய்க்கு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டால் கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். இங்கே பரிமாறியவர் என் இலை காலியாகும் முன்பே வாளியோடு வந்து நின்றார். "இன்னும் கொஞ்சம் வெச்சிக்கம்மா, பொங்கல்ல மெளகு கம்மியாதான் போட்டிருக்குது" என்றார். வைத்துக்கொண்டேன். உணவை மறுக்கும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்தைத் தாண்டி, புதிதாக மனை போட்ட தெருக்களில் ஒன்றில் அவர்கள் வீடு. மாடியில் நின்றால் மலை முழுதாகத் தெரியும். ஓடிவந்த வாணி, எனக்கு நோய் வந்த நாளிலிருந்து செய்வதுபோலவே, முதலில் என் காலைப் பார்த்தாள். பழனிவேல் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கக்கா, வாங்க. வெயில் ஜாஸ்தியா இருக்குது, மொதல்ல உள்ள வந்து ஃபேனுக்கு அடியில ஒக்காருங்க."

அன்று இரவுச் சாப்பாட்டில் என் தட்டில் தோசை, ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல். யாழினியின் தட்டில் ஒரு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும். அவள் என் தட்டைப் பார்க்காமலிருக்கப் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தோசையைப் பிய்த்து அவள் பக்கம் நீட்டினேன். "வேணாம் பெரியம்மா, நான் ஃபுல்" என்றாள். பழனிவேல் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கழிப்பறைக்குப் போக எழுந்தபோது அந்தக் காட்சியைப் பார்த்தேன். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஓர் எடைக் கருவி. யாழினி அதன்மேல் ஏறி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று நினைத்தாளோ என்னவோ. வாணி குனிந்து எண்ணைப் பார்த்தாள். "நேத்து என்னா சாப்ட்ட வெளில?" என்றாள். "ஒண்ணும் சாப்டலம்மா, சத்தியமா."

யாழினி பள்ளிக்குப் போனதும் வாணியிடம் கேட்டேன். அவள் சட்டென்று பதில் சொன்னாள், பல மாதமாகத் தயாராக வைத்திருந்த பதில். இங்கே ஒரு மருத்துவ முகாமில் யாரோ பேசினார்களாம். சிறு வயதில் உடம்பு கூடினால் பிற்பாடு என்னென்ன வியாதி வரும் என்ற பட்டியலில் என் வியாதியின் பெயரும் இருந்ததாம். அதன்பிறகு இணையத்தில் தேடித் தேடிப் படித்திருக்கிறாள்.

"நீ சின்ன வயசுல எப்டி இருந்தன்னு எனக்குத் தெரியாதா? கிளாஸ்லயே நீதான் குண்டு. எனக்கு ஒண்ணும் வரல, உனக்கு வந்துச்சு. இவ அச்சு அசலா உன் மாதிரியே இருக்கா, ஒடம்பு, மூஞ்சி எல்லாம். உன் ரத்தம்தான இவளுக்கும் ஓடுது?"

"ஓடுது. அதனாலயும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். நான் மறைக்கல" என்றேன். "நீ படிச்சதும் பொய் இல்ல. பிள்ளைப் பருவத்துல, முக்கியமா வயசுக்கு வர்ற காலத்துல, எடை ரொம்ப இருந்தவங்களுக்கு இது வர்றது மத்தவங்களவிட அதிகம்னு ஆராய்ச்சி சொல்லுது. என் டாக்டரே சொல்லிருக்காரு. ஆனா வாணி, அதிகம்னா எவ்வளவு? ரொம்ப ரொம்ப அபூர்வமா வர்ற ஒண்ணு, கொஞ்சம் கம்மி அபூர்வமாகுது. குண்டா வளர்ந்த பிள்ளைங்கள்ல கிட்டத்தட்ட யாருக்குமே இது வர்றதில்ல."

"உனக்கு வந்துச்சே."

கணக்கு டீச்சரான என்னை ஒரு வார்த்தையில் மடக்கிவிட்டாள். கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் எந்தக் கணக்கும் கூடப் பிறந்தவளிடம் செல்லாது.

பிறகுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். "அம்மா உனக்கு டின் பால ஊத்தி ஊத்திக் குடுத்தாங்க. மைலோ கலக்கினாக்கூட ரெண்டு ஸ்பூன் ஜாஸ்தி. அவங்களுக்குத் தெரியாது, பாவம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தா நான் எப்டி அம்மா?"

எனக்குக் கோபம் வந்தது. இறந்துபோன எங்கள் அம்மாவை என் நோய்க்குப் பொறுப்பாக்குவதை நான் யாருக்கும் அனுமதித்ததில்லை. "அம்மா எனக்குப் பாலைத்தான் குடுத்தாங்க வாணி, நோயைக் குடுக்கல" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவள் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். மதியச் சாப்பாட்டின்போது நாங்கள் ஊறுகாயைப் பற்றி மட்டும் பேசினோம்.

அடுத்த நாள் பௌர்ணமி. யாழினிக்கும் இரண்டு நாள் பள்ளி விடுமுறை. அடி அண்ணாமலையில் இருக்கும் பழனிவேலின் அண்ணன் வீட்டில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். வாணிக்கு வகுப்பு இருந்தது. இங்கே வரும் வெளிநாட்டவர்களுக்கு அவள் பேச்சுத் தமிழ் சொல்லித்தருகிறாள். அதனால் நானும் யாழினியும் ஆட்டோவில் முன்னால் கிளம்பினோம். கூட்டம் சாயங்காலம்தான் சேரும், அதற்குள் போய்விடலாம் என்று பழனிவேல் சொல்லியிருந்தார். கூட்டம் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. கிரிவலப் பாதை தொடங்கும் இடத்திலேயே தடுப்பு போட்டுவிட்டார்கள்.

"இதுக்கு மேல வுட மாட்டாங்கம்மா" என்றார் ஆட்டோக்காரர். "எறங்கி நடந்துடுங்க. கிட்டதான்."

மலேசியாவிலும் இந்தக் 'கிட்டதான்' உண்டு. இரண்டு நாட்டிலும் அதை நம்பக் கூடாது.

வெறுங்காலோடு ஜனம் நடந்துகொண்டிருந்தது. தலையில் துண்டைப் போட்ட பெரியவர்கள், தோளில் குழந்தைகளோடு அப்பாக்கள், செல்போனில் பேசிக்கொண்டே வந்த பெண்கள். "மேனேஜர்கிட்ட நான் மலையச் சுத்திக்கினு இருக்கேன்னு சொல்லிடு" என்று ஒருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. தடியை ஊன்றி நானும் வேகமாகவே நடந்தேன்.

என் நோய்க்குச் சூடு ஆகாது. உடம்பு சூடேறினால் பழைய பாதிப்புகள் எல்லாம் சற்று நேரம் திரும்பி வரும், குளிர்ந்ததும் போய்விடும். எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் ஈப்போவில் வெயிலென்றால் பிற்பகல் மழை வந்து கழுவிவிடும். இங்கே மழை வரும் யோசனையே வானத்துக்கு இல்லை. கொஞ்ச தூரத்தில் இடது கால் தரையை உரச ஆரம்பித்தது. பிறகு வலது கண்ணில் ஒரு மூடுபனி. மலை மங்கலாகிவிட்டது.

"யாழினி, கொஞ்சம் புடிச்சுக்கோம்மா" என்று அவள் தோளில் கை வைத்தேன். அந்தத் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. "பெரியம்மா, கண்ணு இருட்டிக்கினு வருது" என்றாள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருமே விழப்போகும் நிலையில் நின்றோம்.

பாதையோரம் ஓலைப் பந்தலில் மோர்க்கடை வைத்திருந்த ஒரு பெண் எழுந்து ஓடி வந்தார். "இன்னாம்மா, ரெண்டு பேரும் இப்டி ஆடிக்கினு வர்றீங்க! வந்து ஒக்காருங்க, ஒக்காருங்க." என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். கழுத்துக்கு ஐஸ் தண்ணீர் வேண்டும் என்று நான் சொன்னதும், மோர்ப் பானைகளைச் சுற்றி வைத்திருந்த ஈரச் சாக்கிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்துத் துணியில் சுருட்டிக் கொடுத்தார். பிடரியில் அது பட்டதும் உயிர் வந்தது. யாழினியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "பாப்பா, காலீல இன்னா துன்ன?"

யாழினி இல்லை என்று தலையாட்டினாள்.

"ஒண்ணும் துன்னலியா? பச்சப்புள்ள, பட்டினியா மல சுத்த வந்தியா?"

எதிரே அன்னதானப் பந்தலில் தொன்னையில் புளியோதரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணே போய் வாங்கிவந்தார். யாழினி அதை வாங்கிய விதத்தை நான் மறக்க மாட்டேன். சூடு பார்க்கவில்லை, மென்றாளா என்றே தெரியவில்லை. தொன்னையின் ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கையையும் நிலக்கடலையையும் விரலால் வழித்தாள். இன்னொரு தொன்னை வந்தது. அதையும் முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது, கூடவே பயமும்.

"அம்மா கிட்ட சொல்லாதீங்க பெரியம்மா. நாளைக்கு எடையில தெரிஞ்சிடும். தண்ணி குடிச்சேன்னு சொல்லிக்கறேன்."

சோற்றைச் சாப்பிட்டதற்காக இப்படிக் கெஞ்சும் குழந்தையை நான் அதுவரை பார்த்ததில்லை. "சொல்லத்தான் போறேன்" என்றேன். "ஆனா உனக்குப் பின்னாடி இல்ல. நீ பக்கத்துல நிக்கறப்போ சொல்றேன். திட்டு விழுந்தா எனக்குத்தான் விழும்." அவள் யோசித்தாள். காலித் தொன்னைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். என் கண்ணில் மூடுபனி விலகி, மலை மறுபடி தன் விளிம்போடு தெரிந்தது.

பழனிவேலின் அண்ணன் வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு மாலையில் வீடு திரும்பியதும் சமையலறையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாணி முழுக்கக் கேட்டாள். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, "உனக்குக் கண்ணு போனப்போ பக்கத்துல இருந்தது யாரு? நான்தான்க்கா" என்றாள். "ஆஸ்பத்திரி படிக்கட்டுல உன்னக் கையப் புடிச்சி எறக்கினேன். நீ அழல. நான் இன்னிக்கும் அந்தப் படிக்கட்டக் கனவுல பாக்கறேன். இவளயும் அப்டி எறக்கச் சொல்றியா?" அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பழனிவேல் மகளுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தார். தோசை வட்டமாக இல்லை. அவள் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை வாணி என்னை வகுப்புக்கு அழைத்தாள். சமாதானமா, வீட்டில் விட்டுவந்தால் மகளுக்கு என்ன ஊட்டுவேனோ என்ற பயமா, தெரியவில்லை. செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடை. வெளிநாட்டவர்கள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து கம்பு தோசை சாப்பிட, உள்ளூர் இளைஞர்கள் நாற்காலியில் அமர்ந்து பாஸ்தா சாப்பிட்டார்கள். எனக்கு இந்த ஊர் இன்னும் பிடித்துப்போனது.

வாணியின் மாணவி இங்கிரிட் நார்வேக்காரர், ஐம்பதைத் தொட்டிருப்பார். மூங்கில் மாதிரி ஒல்லி, உயரம். பருத்திச் சட்டைக்கு மேல் சாம்பல் நிறத்தில் பை பையாக ஓர் அங்கி அணிந்திருந்தார். அதைப் பார்த்ததும் நான் நிமிர்ந்தேன். பைகளுக்குள் குளிர்ந்த வில்லைகளை வைத்துத் தைத்த உடுப்பு அது. நானும் வாங்க நினைத்து விலையைப் பார்த்துத் தள்ளிப்போட்டிருந்தேன்.

"உங்களுக்கும் எம்.எஸ்.தானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் என் தடியைப் பார்த்தார், பிறகு என்னை. "எனக்கு... சூடு... ஆகாது" என்று வாணி சொல்லிக்கொடுத்த தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். இருவரும் சத்தமாகச் சிரித்தோம். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வாணி சிரிக்கவில்லை. "மலை ஏறறவங்க போடற ஜாக்கெட்டுன்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக. பிறகு ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டாள், "நீங்கள் சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள்? குண்டாகவா?"

இங்கிரிட்டுக்குக் கேள்வி வினோதமாக இருந்திருக்கும். ஆனாலும் பதில் சொன்னார். "நானா? எலும்புக்கூடு. பனிச்சறுக்குப் போட்டிகளில் ஓடினேன். என் தட்டில் இருப்பதை என் அம்மா அளந்து அளந்து வைப்பாள், எடை ஏறக் கூடாது என்று. எங்கள் ஊரில் இந்த வியாதி உங்கள் ஊரைவிட அதிகம். வெயில் குறைவு என்கிறார்கள், வைரஸ் என்கிறார்கள், எடை என்கிறார்கள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான். எனக்கு எது என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை."

ஒருவரின் கதை ஆராய்ச்சிக்குப் பதிலாகாது. இங்கிரிட் ஒல்லியாக இருந்து நோய் வந்ததால் எடைக்குச் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. நான் குண்டாக இருந்து நோய் வந்ததால் எடைதான் காரணம் என்றும் ஆகிவிடாது. இதை நான் வகுப்பில் நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். வாணிக்கு அன்று அதை நான் நடத்த வேண்டியிருக்கவில்லை. அவள் இங்கிரிட்டின் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள்.

"அப்ப நான் எதத்தான்க்கா புடிச்சிக்கறது?"

அது எடையைப் பற்றிய கேள்வியே இல்லை. இத்தனை மாதமும் அவள் கையில் ஒரு கயிறு இருந்தது. அதை இறுக்கினால் மகள் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பியிருந்தாள். அந்தக் கயிற்றை நானும் இங்கிரிட்டும் சேர்ந்து பிடுங்கிவிட்டோம்.

"முழுசாப் புடிச்சுக்க ஒண்ணும் இல்லடி" என்றேன். "கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. ஓடி ஆடட்டும். வெயில்ல நிக்கட்டும். கலர் தண்ணி, சிப்ஸ் எல்லாம் குறைச்சுக்கட்டும். எடை கொஞ்சம் கொஞ்சமா சரியாகட்டும், அது இந்த நோய்க்கு மட்டுமா, எல்லாத்துக்கும் நல்லதுதான். ஆனா பட்டினி போட்டு வளர்த்தா, வராத நோய்க்குப் பயந்து இருக்கற பிள்ளையக் கெடுத்துடுவ."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அம்மா மேல பழி போட்டிருக்கக் கூடாது" என்றாள். நான் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அன்று மாலையே நான், வாணி, யாழினி மூன்று பேரும் ஒரு குழந்தை மருத்துவரைப் பார்த்தோம். அவர் யாழினியிடமே பேசினார். வளரும் வயதில் எடையைக் குறைக்க வேண்டியதில்லை, ஏறாமல் நிறுத்தினாலே போதும், உயரம் வந்து சரிசெய்துகொள்ளும் என்றார். ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்து குறைவாக இருந்தது. வாணி அந்த முடிவை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வழியில் நிறுத்தி, காய்கறிக் கடையில் முருங்கைக்கீரையும் முட்டையும், கறிக்கடையில் ஈரலும் வாங்கினாள். எடைக் கருவியைப் பழனிவேல் தன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே அதில் நிலக்கடலை மூட்டையை எடைபோடப் பார்த்து உடைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அடுத்த நாள் யாழினி நான்காவது இட்லியைக் கேட்டபோது வாணியின் கை இட்லிப் பானையின் மேல் சற்று நின்றது. பிறகு எடுத்து வைத்தாள். யாழினி அதில் பாதியை வைத்துவிட்டு, "போதும்மா, வயிறு ரொம்பிடுச்சி" என்றாள். அந்த வீட்டில் அந்த வார்த்தை உண்மையாகச் சொல்லப்பட்டதை அன்றுதான் கேட்டேன்.

நான் புறப்பட்ட காலையில் வாணியும் பழனிவேலும் என் பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாழினி என் பக்கத்தில் வந்து நின்றாள். கேட்கலாமா வேண்டாமா என்று காலால் மண்ணைக் கீறினாள்.

"பெரியம்மா, எனக்கும் அது வருமா?"

வாணியின் கை பையின் மேலேயே நின்றது. வராது என்று நான் சொல்ல வேண்டும் என அவள் முதுகே கெஞ்சியது.

"அனேகமா வராது" என்றேன். "வரவே வராதுன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. யாராலயும் முடியாது."

யாழினி தலையை ஆட்டினாள். பொய் சொல்லவில்லை என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி தெரிந்தது. என் தடியை வாங்கிக் கையில் பிடித்து, அதை ஊன்றி நாலடி நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சரி, ஒருவேள வந்துட்டா, உங்கள மாதிரி வேலைக்குப் போலாமா? தனியா ஊர் ஊரா சுத்தலாமா?"

"போகலாம். சுத்தலாம்."

"அப்ப பரவால்ல" என்று சொல்லி, தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, தெருமுனையில் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்த தோழிகளிடம் ஓடினாள். வாணி பைகளை விட்டுவிட்டு அவள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, இத்தனை வருடத்தில் முதன்முறையாக, என் காலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.